காத்துக்கிடக்கும் நேரத்துக்குக் கூலி எங்கே?

விமான நிலைய வாசலில் ஆப் கம்பெனிகளின் பகற்கொள்ளை

"ஆகாய விமானத்தில் வந்து இறங்குகிறவன் பணக்காரன். அவன் எந்த வண்டி பிடித்து வீட்டுக்குப் போனால் நமக்கென்ன?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் நிற்கிற நமக்கு இந்த விவகாரம் எதற்கு என்று நினைக்கக்கூடும். அது சரியல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர்கள் எல்லோரும் மில் முதலாளிகளா? துபாயிலும் தோஹாவிலும் குவைத்திலும் சாரம் கட்டி, கம்பி வளைத்து, வெயிலில் கருகி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருகிற ராமநாதபுரத்து விவசாயக் கூலியின் மகனும் அங்கேதான் இறங்குகிறான். அவனை ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கும் டிரைவர் யார்? மழை பொய்த்து, ஊரில் வேலை இல்லாமல் போய், வட்டிக்குக் கடன் வாங்கிக் கார் எடுத்துப் பட்டணம் வந்தவன். இரண்டு பேரும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செல்போன் இருக்கிறது. அந்தச் செல்போனுக்குள் ஒரு கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. ஏறுகிறவனிடமும் பிடுங்குகிறது, ஓட்டுகிறவனிடமும் பிடுங்குகிறது. பிடுங்கிய பிறகு இரண்டு பேரையும் ஒருவரோடொருவர் சண்டை போட விட்டு வேடிக்கை பார்க்கிறது.

மீனம்பாக்கத்தில் நடப்பது என்ன?

2022 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் திறக்கப்பட்டது. ஆப் டாக்சி ஏறும் இடம் அங்கே மாற்றப்பட்டது. முனையத்தை விட்டு வெளியே வருகிற பயணி, பெட்டி படுக்கையோடு, கைக்குழந்தையோடு, வயதான தாயாரோடு அந்தக் கட்டிடத்துக்குப் போய்த்தான் வண்டியைத் தேட வேண்டும். அதே வளாகத்தில் கடைகளும் சினிமாக் கொட்டகையும் வந்துவிட்டன. வாடகை தருகிற கடைக்கு நல்ல இடம் கிடைத்தது. ஜனங்களை ஏற்றிப் போகிற வண்டிக்கு மட்டும் வாசலில் இடம் இல்லை!

பயணி ஆப்பைத் திறக்கிறான். ஒரு வாடகை காட்டுகிறது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் வேறு வாடகை. மூன்று விமானங்கள் சேர்ந்தாற்போல் இறங்கினால் வாடகை ஏறிவிடும். மழை பெய்தால் ஏறிவிடும். நடுநிசியில் ஏறிவிடும். காரணம் கேட்டால், தேவை அதிகமாகிவிட்டது என்று பதில் வருகிறது. பஞ்ச காலத்தில் அரிசியைப் பதுக்கி வைத்துக்கொண்டு விலையை ஏற்றிய மண்டிக்காரன் சொன்னதும் இதே பதில்தான். அவனைக் கள்ளச் சந்தைக்காரன் என்றோம். இவனை நவீன விஞ்ஞானம் என்று புகழச் சொல்கிறார்கள்.

டிரைவரின் பக்கம் பாருங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்போனுக்குள் வரிசையில் நிற்கிறான். கண்ணுக்குத் தெரியாத வரிசை அது. முன்னால் எத்தனை பேர், எப்போது முறை வரும் என்பதெல்லாம் கம்பெனியின் கணக்கு. மணிக்கணக்காகக் காத்திருந்து முறை வரும்போது, கிடைப்பது பக்கத்திலுள்ள பல்லாவரத்துக்குச் சவாரியாக இருக்கலாம். மாட்டேன் என்றால் தண்டனை, மதிப்பெண் குறைப்பு. போனால் காத்திருந்த நேரம் எல்லாம் பாழ். அந்த ஆத்திரத்தில் அவன் பயணியிடம் "மேலே போட்டுக் கொடுங்கள்" என்கிறான். பயணி கோபிக்கிறான். இருவரும் வாய்ச்சண்டை போடும்போது கம்பெனி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! அதன் பங்கு மட்டும் முதலிலேயே கழிக்கப்பட்டுவிட்டது.

மில் தொழிலாளிக்கு இது புதிதா?

ஆலைத் தொழிலாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதிலித் தொழிலாளி என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் கேட் முன்னால் வந்து நிற்க வேண்டும். ஆள் குறைந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லை என்றால் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். நின்ற நேரத்துக்குக் காலணா கிடையாது. தறி ஓடினால்தான் கூலி. ஆனால் தறி எப்போது தேவைப்பட்டாலும் ஓடுவதற்காகத்தான் பதிலி வாசலில் நிற்கிறான். அவன் நிற்பதே முதலாளிக்குச் சேவகம். அந்தச் சேவகத்துக்குக் கூலி இல்லை.

ஆப் டிரைவர், கேட் இல்லாத ஆலையின் பதிலி. பயணி பித்தானை அழுத்திய சில நிமிஷங்களில் வண்டி வந்து நிற்கிறதே, அது எப்படி? கம்பெனியின் சாமர்த்தியத்தாலா? இல்லை. பத்துப் பேர் கூலி இல்லாமல் காத்துக்கிடப்பதால்தான் ஒருவன் உடனே வந்து நிற்க முடிகிறது. அந்த வேகத்தைக் கம்பெனி விற்கிறது. வேகத்தை உண்டாக்கிய காத்திருப்புக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் சுமார் 20 கிலோமீட்டர். வாடகை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 20 வீதம் கம்பெனிக்கு 120 போனால் மிச்சம் 480. திரும்பிவரச் சவாரி கிடைக்காத நாளில் போக வர 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடினால் இரண்டரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் 250 ரூபாய். கையில் 230. காத்திருந்தது இரண்டு மணி, போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் மொத்தம் நான்கு மணி நேரம். மணிக்கு 58 ரூபாய்கூட இல்லை! இதிலிருந்துதான் வண்டிக் கடன் தவணை, இன்ஷூரன்ஸ், டயர், எஃப்.சி., சாப்பாடு எல்லாம். நான்கு மணி நேரம் உழைத்தவனுக்கு இது. வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவனுக்கு 120.

கலப்பையும் இவனது, மாடும் இவனது

விவசாயத் தொழிலாளர்களுக்கு வேறு விதமாகச் சொல்கிறோம். தஞ்சை மிராசுதாரை நீங்கள் அறிவீர்கள். குத்தகைக்காரன் மாடு கொண்டுவருவான், விதை கொண்டுவருவான், எரு போடுவான், சேற்றில் இறங்குவான். களத்து மேட்டில் நெல் குவிந்ததும் மிராசுதாரின் ஏஜெண்டு மரக்காலோடு வந்து நிற்பான். எத்தனை போராட்டம், எத்தனை தடியடி! அதன் பிறகு 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைக்காரனை நினைத்தபடி விரட்டக் கூடாது, பங்கை நினைத்தபடி குறைக்கக் கூடாது என்று எழுத்தில் ஏறியது.

மிராசுதாரிடம் நிலமாவது இருந்தது. இந்தக் கம்பெனிகளிடம் என்ன இருக்கிறது? காரும் டிரைவருடையது, கடனும் டிரைவருடையது, பெட்ரோலும் டிரைவருடையது. சாலை ஜனங்களின் வரிப்பணத்தில் போட்டது. கம்பெனியிடம் இருப்பது ஒரு கணக்குப் புத்தகம் மட்டுமே. யாருக்கு வண்டி வேண்டும், யாரிடம் வண்டி இருக்கிறது என்று எழுதி வைத்த கணக்குப் புத்தகம்! 2009ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஊபர் 2013ல் நம் நாட்டுக்கு வந்தது. 2010ல் இங்கேயே தொடங்கியது ஓலா. தேசம் வேறு, கொடி வேறு. தொழில் ஒன்றே: களத்து மேட்டு ஏஜெண்டின் தொழில்.

"நீ தொழிலாளி அல்ல, கூட்டாளி!"

கம்பெனிகள் டிரைவரைத் தொழிலாளி என்று கூப்பிடுவதில்லை. "பார்ட்னர்" என்று கூப்பிடுகின்றன. கூட்டாளியாம்! வாடகையை நிர்ணயிப்பது கம்பெனி. சவாரியைத் தருவது கம்பெனி. மதிப்பெண் போடுவது கம்பெனி. விசாரணை இல்லாமல் ஐடியை முடக்கிச் சோற்றில் மண் போடுவதும் கம்பெனி. இப்படி ஒரு கூட்டு வியாபாரத்தை உலகத்தில் யாராவது கண்டதுண்டா? தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., லீவு, விபத்து நஷ்டஈடு என்று எல்லாம் தர வேண்டிவரும். அதற்காகத்தான் இந்தச் செல்லப் பெயர்.

இங்கிலாந்தில் யாசீன் அஸ்லாம், ஜேம்ஸ் ஃபேரர் என்ற இரண்டு டிரைவர்கள் இந்தப் பித்தலாட்டத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2016ல் தொழில் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள். கம்பெனி மேல்முறையீடு மேல் மேல்முறையீடாக இழுத்தடித்தது. 2021 பிப்ரவரி 19ம் தேதி அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு ஒரே குரலில் சொல்லிவிட்டது: இவர்கள் தொழிலாளிகள்தான், குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய லீவுக்கும் உரியவர்கள், ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே.

அடுத்து கம்பெனி செய்ததைக் கவனியுங்கள், தோழர்களே! அடுத்த மாதமே டிரைவர்களைத் தொழிலாளிகளாக ஒப்புக்கொள்வதாக அறிவித்தது. ஆனால் குறைந்தபட்சக் கூலிக் கணக்கு சவாரியை ஏற்றுக்கொண்ட நேரத்திலிருந்துதான் தொடங்கும் என்றது. லீவைத் தந்தது, பென்ஷனைத் தந்தது. காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் கையை விரித்தது.

அமெரிக்காவிலும் அதே கதை. டிரைவர்களைத் தொழிலாளிகளாகக் கருத வழிசெய்யும் சட்டம் கலிபோர்னியாவில் 2019ல் நிறைவேறியது. கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் பிரசாரத்துக்குக் கொட்டி, 2020 நவம்பரில் ஜன வாக்கெடுப்பில் அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டன. அதில் டிரைவர்களுக்கு ஒரு கூலி உத்தரவாதம் உண்டு. எந்த நேரத்துக்கு? சவாரியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்! இங்கிலாந்தானாலும் அமெரிக்காவானாலும் முதலாளி விட்டுக்கொடுக்க மறுக்கிற இடம் ஒன்றே. கொள்ளை எங்கே நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

காத்திருப்புக்குக் கூலி கொடுக்க வழியே இல்லை என்பதும் பொய். நியூயார்க் நகர டாக்சிக் கமிஷன் 2018 டிசம்பரில் ஒரு விதி செய்தது. டிரைவர் காலியாகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் குறைந்தபட்ச வருமானத்தை நிர்ணயித்தது. 2019 முதல் அது அமலாயிற்று. கம்பெனிகள் மூழ்கிவிடவில்லை. ஆனால் 2024ல், காத்திருக்கும் நேரம் கணக்கில் ஏறாதபடி டிரைவர்களை ஆப்பிலிருந்தே வெளியே பூட்டி வைக்கும் தந்திரத்தில் இறங்கின. ஆலைக் கதவடைப்பு செல்போனுக்குள் வந்துவிட்டது!

மலிவு என்ற தூண்டில்

"ஆப் வந்த பிறகு வாடகை குறைந்தது, டிரைவர்களும் சம்பாதித்தார்களே" என்பார்கள். குறைந்தது உண்மை. சம்பாதித்ததும் உண்மை. எதுவரை? ஊருக்குள் மற்ற வண்டிகள் ஓயும்வரை! வெளிநாட்டு முதலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 2019 ஒரே வருஷத்தில் ஊபர் 850 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. நஷ்டத்துக்கு யாராவது கடை நடத்துவானா? சந்தையைப் பிடிக்கும்வரை நடத்துவான். 2023ல் அதே கம்பெனி வருஷ லாபம் காட்டியது. நம் நாட்டில் ஆரம்பத்தில் ஊக்கத் தொகையை வாரி இறைத்தார்கள். அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் கடனில் கார் எடுத்தார்கள். தலையில் கடன் ஏறியதும் ஊக்கத் தொகையைக் கத்தரித்தார்கள். 2017 பிப்ரவரியில் டில்லியிலும், 2018 அக்டோபரில் மும்பையிலும் டிரைவர்கள் நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது இதனால்தான்.

இப்போது புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. "கமிஷனே வேண்டாம், தினசரிக் கட்டணம் கட்டு, வாடகை முழுவதும் உனக்கே" என்கிறார்கள். 2025ல் ஊபர் ஆட்டோக்களுக்கும், ஓலா தன் டிரைவர்களுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தன. சில டிரைவர்கள் இதனால் நாலு காசு கூடப் பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் விவசாயிகளே, இதன் பெயர் உங்களுக்குத் தெரியாதா? வாரத்திலிருந்து ரொக்கக் குத்தகைக்கு மாறியிருக்கிறார்கள்! வாரத்தில் விளைச்சல் குறைந்தால் மிராசுதாரின் பங்கும் குறையும். குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்தாக வேண்டும். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தினக் கட்டணம் கம்பெனிக்கு. "வாடகை உனக்கும் பயணிக்கும் உள்ள விவகாரம்" என்று பொறுப்பையும் உதறிவிடலாம்.

பழைய காலம் பொற்காலமா?

இல்லை. அப்படி நாம் சொல்லவில்லை. ஆப் வருவதற்கு முன்பும் விமான நிலைய வாசலில் பேரம் இருந்தது, வம்பு இருந்தது, புதிதாக வருகிறவனை ஏமாற்றுவது இருந்தது. அதனால்தான் ஜனங்கள் ஆப்பை வரவேற்றார்கள். ஆனால் அதற்குப் பரிகாரம் நியாயமான மீட்டரும் போதுமான பஸ்ஸும் அல்லவா? 2013 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்கார் ஆட்டோ மீட்டர் கட்டணத்தை நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன் பிறகு பெட்ரோல் விலை எங்கே போயிற்று! பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டணத்தைத் திருத்தவே இல்லை. மீட்டரைச் சர்க்கார் சாகவிட்டது. செத்த மீட்டரின் இடத்தில் கம்பெனியின் ஆப் வந்து உட்கார்ந்தது.

திரிசூலம் ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயிலும் வந்தது. பகலில் வருகிறவர்கள் இவற்றில் போகட்டும்; பொதுப் போக்குவரத்தே முதலில். ஆனால் நடுநிசியிலும் பின்னிரவிலும் இறங்குகிறவன் என்ன செய்வான்? 2023 டிசம்பர் 30ம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது முதல் தெற்கே போகிற ஜனங்கள் அங்கே போயாக வேண்டும். மெட்ரோ ஓய்ந்த நேரத்தில் ஆப்பின் ஏற்றக் கட்டணத்தைத் தவிர வேறு வழி என்ன?

சர்க்கார்களின் கைவரிசை

2020ல் மத்திய சர்க்கார் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21ம் தேதி அமலாக்கியது. ஆப் தொழிலாளர் பெயர் முதல் முறையாகச் சட்டத்தில் ஏறிவிட்டது என்று ஜம்பம் அடித்துக்கொண்டார்கள். பெயர் ஏறியது மெய். எப்படி ஏறியது? முதலாளி–தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்கிறவன் என்று ஏறியது! கம்பெனிகள் வருஷ விற்றுமுதலில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை நிதிக்குத் தந்தால் போதும். அதுவும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் நூற்றுக்கு 5க்கு மேல் போகக் கூடாது. நிதி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூலி எங்கே?

2020ல் வந்த மத்திய வழிகாட்டுதல் ஏற்றக் கட்டணத்துக்கு அடிப்படை வாடகையில் ஒன்றரை மடங்கு என்று வரம்பு கட்டியது. 2025 ஜூலையில் அதை இரண்டு மடங்காக்கினார்கள். சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்கு வாடகையில் நூற்றுக்கு 80 சேர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். காகிதத்தில் நல்ல வாசகம்தான். அமலாக்குவது மாநில சர்க்கார்களின் கையில்.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கு நலவாரியம் அமைந்தது. 2025ல் சென்னை மாநகராட்சி குளிர்சாதன ஓய்வறைகள் திறந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கும் கூலி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ராஜஸ்தானில் 2023லும் கர்நாடகத்தில் 2025லும் தனிச் சட்டமே வந்துவிட்டது. வேலையை விட்டு நீக்க 14 நாள் நோட்டீசும் காரணமும் தர வேண்டும் என்கிறது கர்நாடகச் சட்டம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கேரள சர்க்கார் 2022 ஆகஸ்டில் "கேரள சவாரி" என்று தானே ஓர் ஆப் தொடங்கியது. சேவைக் கட்டணம் நூற்றுக்கு 8. தொடக்கத்தில் அது தடுமாறியது. பெரிய கம்பெனிகளின் பண பலத்துக்கு முன் ஈடுகொடுக்கச் சிரமப்பட்டது. ஆனால் கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கக் கோடீஸ்வரன்தான் வேண்டும் என்ற பொய்யை அது உடைத்தது.

இயந்திரம் யாருக்குப் பயப்படுகிறது?

2019ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் ஒரு சம்பவம். விமானங்கள் இறங்கும் நேரம் பார்த்து, காத்திருந்த டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் சில நிமிஷம் ஆப்பை அணைத்தார்கள். வண்டியே இல்லை என்று எண்ணி இயந்திரம் வாடகையை ஏற்றியது. ஏறியதும் எல்லோரும் ஆப்பைத் திறந்தார்கள். தனி ஒருவன் மன்றாடினால் அசையாத இயந்திரம், நூறு பேர் சேர்ந்து மௌனமானதும் பணிந்தது!

ஆனால் அந்த வழி போதாது. ஏறிய வாடகை போனது கம்பெனியின் பையிலிருந்து அல்ல, பயணியின் பையிலிருந்து. துபாயிலிருந்து திரும்பும் கொத்தனாரின் பையிலிருந்து. அதே ஒற்றுமை கம்பெனிக்கு எதிராகத் திரும்பினால்தான் விமோசனம். 2019 மே 8ம் தேதி, ஊபர் தன் பங்குகளை அமெரிக்கச் சந்தையில் விற்க இறங்கிய வாரத்தில், லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் உள்பட பல நகரங்களின் டிரைவர்கள் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடல் கடந்த கம்பெனிக்கு கடல் கடந்த ஒற்றுமைதான் பதில்.

நாம் கேட்பது இவைதான்:

விமான நிலைய வரிசையில் சேர்ந்த நிமிஷத்திலிருந்து டிரைவரின் நேரம் வேலை நேரமாக வேண்டும். அதற்குக் கூலியைக் கம்பெனி தர வேண்டும்.

வாடகையைச் சர்க்கார் நிர்ணயிக்க வேண்டும். வருஷா வருஷம் திருத்த வேண்டும். பயணி கொடுத்தது எவ்வளவு, டிரைவருக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று இரண்டையும் ஒரே ரசீதில் அச்சிட வேண்டும்.

விசாரணை இல்லாமல் ஐடியை முடக்கக் கூடாது.

வண்டி ஏறும் இடம் முனையத்தின் வாசலுக்கு அருகில் வேண்டும். காத்திருக்கும் டிரைவர்களுக்குக் கக்கூசும் குடிதண்ணீரும் நிழலும் வேண்டும்.

இரவு முழுவதும் விமான நிலையத்திலிருந்து நகருக்கும் கிளாம்பாக்கத்துக்கும் போதிய பஸ் விட வேண்டும்.

தமிழ்நாட்டில் சர்க்காரோ டிரைவர்களின் கூட்டுறவுச் சங்கமோ நடத்தும் ஆப் வேண்டும்.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தோழர்களே! இது டிரைவர்களின் சண்டை மட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வேலை இருந்தால் கூப்பிடுவேன், இல்லாவிட்டால் காத்துக்கிட, கிடந்த நேரம் உன் தலையெழுத்து என்ற இந்த ஏற்பாடு டாக்சியோடு நின்றுவிடாது. நூற்பாலைக்கும் வரும், நாற்று நடவுக்கும் வரும். செல்போன் அடித்தால் வேலைக்கு வா என்று நாளை மில் முதலாளியும் சொல்வான், மிராசுதாரும் சொல்வான். அவர்களுக்கு வழி வெட்டிக் கொடுப்பது இந்தக் கம்பெனிகளே. உங்கள் ஊர்ப் பிள்ளை வண்டி ஓட்டுகிறான் என்றால் சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா என்று கேளுங்கள். அவன் வேலைநிறுத்தம் செய்தால் அவன் பக்கம் நில்லுங்கள். வாடகைச் சண்டை வந்தால் அவன் சட்டையைப் பிடிக்காதீர்கள்; கம்பெனியின் கணக்கைக் கேளுங்கள்.

காத்திருப்பதும் உழைப்பே! உழைப்புக்குக் கூலி கொடு!